கொழும்பில் கொள்கலன் பாரவூர்திச் சாரதியாக வேலை தொடங்குவது எப்படி: சேரும் நாள் முதல் தனியாக ஓடும் நாள் வரை

கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, கொழும்பில் பிரைம் மூவரும் (இழுக்கும் முன்வண்டி) ட்ரெய்லரும் (அது இழுக்கும் பின்தளம்) ஓட்டும் வேலைக்கு முதன்முறையாகப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலைக்கு வருகிற எல்லோருக்கும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும். அவர்கள் இடறுவது பெரும்பாலும் இருக்கைக்கு வெளியே: ஆவணத்தில், ட்ரெய்லர் கொழுவுவதில், கொள்கலன் பூட்டில், இறங்கிப் பார்க்காத பின்பக்கத்தில். இங்கே படிகளின் ஒழுங்கு முக்கியம். ஒரே வேலையை ஒழுங்கு மாற்றிச் செய்தால் சில இடங்களில் உயிரே போகும். அந்த இடங்களில் சற்று நின்று சொல்கிறேன்.

1. அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்

"என்னிடம் ஹெவி லைசன்ஸ் இருக்கிறது" என்பது போதாது. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையுள்ள லொறிக்கு சீ1 வகை. அதற்கு மேற்பட்ட லொறிக்கு சீ வகை. ட்ரெய்லர் பூட்டிய வாகனத்துக்கு சீஈ வகை வேண்டும். சீ மட்டும் உள்ள பலர் பிரைம் மூவர் வேலைக்கு வந்து நிற்கிறார்கள். சில முதலாளிமாரும் "ஓடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது இந்த வகையைத்தான். அப்போது நீதிமன்றப் படியில் நிற்கப்போவது முதலாளி அல்ல, நீங்கள்.

அடுத்து முடிவுத் திகதி. இலகுரக வகைகள் 8 ஆண்டுகளுக்குச் செல்லும், கனரக வகைகள் 4 ஆண்டுகளுக்குத்தான். காரின் திகதியைப் பார்த்துவிட்டு "இன்னும் காலம் இருக்கிறது" என்று இருந்துவிடுவது வழக்கமான தவறு. புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் தேவை. அதன் தலைமையகம் நுகேகொடையில் இருக்கிறது. கண்ணாடி அணிய வேண்டும் என்று எழுதினால் இரண்டு சோடி வாங்கி, ஒன்றை வாகனத்திலேயே வைத்துவிடுங்கள். இரவில் ஒன்று உடைந்தால் மற்றது இல்லாமல் வீடு திரும்ப முடியாது.

தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பொலிஸ் சான்று, முன்னைய வேலையிடத்தின் கடிதம், புகைப்படங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் சேருங்கள். துறைமுகத்துக்குள் நுழையும் அனுமதிக்கு நிறுவனம் விண்ணப்பிக்கும்போது இவற்றைத்தான் கேட்கும். அனுமதி வராத சாரதியை எந்த நிறுவனமும் வேலை கொடுக்காமல் யார்டில்தான் உட்கார வைக்கும்.

2. சாவியை வாங்கும் முன் கணக்கைப் பேசுங்கள்

இந்தத் தொழிலில் சம்பளம் பல துண்டுகளாக வரும்: மாத அடிப்படை, நடைக்கு நடை (ஒவ்வொரு பயணத்துக்கும்) காசு, பட்டா (சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்குமான படி), இரவு தங்கினால் ஒரு தொகை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துறைமுக வாயிலில் வரிசையில் நிற்கும் மணித்தியாலங்களுக்கு என்ன கணக்கு என்பதை முதல் நாளே கேட்கவேண்டும். நடைக்குக் காசு என்றால் வரிசையில் நிற்கும் நேரம் உங்கள் சொந்தச் செலவு. அந்த நட்டத்தை வீதியில் வேகமாக ஓடி ஈடுசெய்ய நினைப்பதிலிருந்துதான் பாதி விபத்துகள் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் 3 வீதம் செலுத்தவேண்டும். "தற்காலிகம்தானே" என்று சொன்னாலும் இது உங்கள் உரிமை. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தண்டப்பணம் யார் தலையில் என்பதையும் தெளிவாக்குங்கள். வேகமாக ஓடினால் உங்கள் தவறு. ட்ரெய்லர் விளக்கு எரியாமல் இருந்து அதை நீங்கள் முதலே எழுத்தில் அறிவித்திருந்தால் அது நிறுவனத்தின் தவறு. அந்த எழுத்துக்கு நான்காம் படியில் வருகிறேன். அதிவேக வீதிக் கட்டணம், டயர் ஒட்டும் செலவு ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு கேட்பார்களா என்று விசாரித்துவிடுங்கள்.

3. முதல் வாரம் இடது இருக்கையில்

பழைய சாரதியின் பக்கத்தில் உட்கார்ந்து போகச் சொன்னால் மனம் சுருங்க வேண்டாம். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வீதியைப் பார்ப்பதற்கு அல்ல, இடது கண்ணாடியில் தெரியாதவற்றைப் பார்ப்பதற்கு. சாரதி அறையின் இடப்பக்கக் கதவுக்குக் கீழே எத்தனை முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் வந்து ஒளிந்துகொள்கின்றன என்பது அந்த இருக்கையில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

எந்த வாயிலில் எந்த ஆவணம், எந்தக் களஞ்சியத்தில் எந்தப் பக்கமாகப் பின்னோக்கிப் போகவேண்டும், எங்கே கழிப்பறை, எங்கே இரவில் பாதுகாப்பாகத் தரிக்கலாம் என்பதை ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள். கியர் பெட்டியும் வாகனத்துக்கு வாகனம் வேறு. சிலவற்றில் கியர் தடியிலேயே மேல்தொகுதி, கீழ்த்தொகுதி மாற்றும் பொத்தான் இருக்கும். அதை ஏற்றத்தின் நடுவில் கற்கக் கூடாது.

சிங்களம் சரளமாக வராவிட்டாலும் யார்டில் கேட்கும் சில சொற்கள் காதுக்குப் பழக வேண்டும்: வமட்ட (இடப்பக்கம்), தகுணட்ட (வலப்பக்கம்), பஸ்ஸட்ட (பின்னால்), நவத்தன்ன (நிறுத்துங்கள்). பின்னால் நின்று கத்துகிறவர் தமிழ் தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கடைசிச் சொல்லைக் கேட்டதும் யோசிக்காமல் கால் பிரேக்குக்குப் போகவேண்டும்.

4. காலைச் சுற்று

ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். வலது முன் சில்லில் தொடங்கினால் எப்போதும் அதுதான். ஒழுங்கு மாறாமல் சுற்றினால் விடுபட்டது உடனே உறுத்தும். நினைத்த இடத்தில் தொடங்குகிறவர் விட்டதை அறியவே மாட்டார்.

எஞ்சின் எண்ணெய், குளிர்நீர், பெல்ட் ஆகியவற்றை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். பிறகு சில்லுகள். இரட்டை டயரில் உள்டயர்தான் ஏமாற்றும். காற்றுப் போனாலும் வெளிடயர் தாங்கிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. ஓட ஓடச் சூடேறி வெடிக்கும். இரும்புத் தடியால் இரண்டையும் தட்டிச் சத்தத்தை ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பறந்தால் பின்னால் வருகிறவரின் முகத்துக்குத்தான் போகும். சில்லு ஆணியைச் சுற்றித் துருக்கோடு ஓடியிருந்தால் அந்த ஆணி தளர்ந்திருக்கலாம்.

காற்றுத் தாங்கியின் அடியிலுள்ள வால்வை இழுத்து நீரை வெளியேற்றுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தாங்கிக்குள் நீர் சேருவது நிச்சயம். அது வால்வுகளை அரிக்கும். எஞ்சினை இயக்கிக் காற்றழுத்தம் முழுமையாக ஏறியபின் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி மானியைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. அந்த வாகனம் அன்றைக்கு வெளியே போகக் கூடாது.

பழுதை வாயால் சொல்லாதீர்கள். திகதி, நேரம், வாகன இலக்கம், பழுது என்று எழுதி, பொறுப்பாளரின் கையொப்பம் வாங்குங்கள். அல்லது தொலைபேசியில் செய்தியாக அனுப்புங்கள். வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றையும் இந்தச் சுற்றிலேயே பாருங்கள். ட்ரெய்லரின் இலக்கம் வேறு, அதன் ஆவணங்களும் வேறு. பிரைம் மூவரின் கடதாசிகளை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் அதிகம்.

5. ட்ரெய்லரைக் கொழுவுதல்

புதியவர்கள் மிகவும் அவசரப்படும் இடம் இது. தவறினால் வீதியில் ட்ரெய்லர் கழன்று விழும். அல்லது பிரைம் மூவர் ஆளில்லாமல் உருண்டு, ட்ரெய்லருக்கு இடையில் நிற்கும் உங்களையே நசுக்கும். ஒழுங்கை மாற்றாதீர்கள்.

முதலில் ட்ரெய்லரின் தரிப்பு பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்து, சில்லுக்குக் கட்டை வையுங்கள். பின்னோக்கி வந்து முட்டும்போது ட்ரெய்லர் நகர்ந்தால் பூட்டு விழாது. தனியாக நிற்கும் ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் முன்கால்கள் வளைந்தும் போகலாம்.

இரண்டாவது, பிரைம் மூவரின் பின்னாலுள்ள வட்டத் தட்டைப் பாருங்கள். கிறீஸ் இருக்கவேண்டும், பூட்டின் தாடை திறந்திருக்கவேண்டும். தாடை மூடியிருந்தால் ட்ரெய்லரின் கிங் பின் (அதன் முன்பக்க அடியில் நீட்டிநிற்கும் இரும்பு முளை) உள்ளே போகாது.

மூன்றாவது, நேர்கோட்டில் பின்னோக்கி வந்து, ட்ரெய்லரைத் தொடும் முன் நிறுத்தி, இறங்கி உயரத்தைப் பாருங்கள். ட்ரெய்லரின் அடித்தட்டு வட்டத் தட்டைவிடச் சற்றே தாழ்வாக இருக்கவேண்டும். அப்போதுதான் தட்டு உள்ளே புகுந்து ட்ரெய்லரை மெல்லத் தூக்கும். ட்ரெய்லர் உயரமாக நின்றால் கிங் பின் தாடைக்கு மேலாகப் போய்விடும். சத்தம் கேட்கும், பூட்டு விழுந்ததுபோல் தோன்றும், ஆனால் பூட்டியிருக்காது. இன்னும் வேகமாக வந்தால் ட்ரெய்லரின் முன்பக்கம் சாரதி அறையின் முதுகில் மோதும்.

நான்காவது, மிக மெதுவாகப் பின்னோக்கிப் போய்ப் பூட்டு விழும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். தாழ்ந்த கியரில் இரண்டு முறை முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். ட்ரெய்லர் பிரேக் பிடித்திருப்பதால் பிரைம் மூவர் திணறி நிற்கவேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லோரும் தாண்டிவிடும் படி. கை பிரேக்கைப் போடுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைச் சட்டைப் பையில் போடுங்கள், டோர்ச்சோடு கீழே குனியுங்கள். தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கிங் பின்னைச் சுற்றிப் பின்பக்கமாக மூடியிருக்கவேண்டும். பூட்டின் கைப்பிடி உள்ளே போய், காப்பு ஊசி விழுந்திருக்கவேண்டும். சத்தத்தை நம்பாதீர்கள், தாடை பாதி மூடினாலும் அதே சத்தம்தான்.

இதற்குப் பிறகே காற்றுக் குழாய்களும் மின்வடமும். கை பிரேக்கை ஐந்தாம் படியிலேயே போடச் சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. காற்று வழங்கும் சிவப்புக் குழாயைக் கொழுவியதும், ட்ரெய்லரின் தரிப்பு பிரேக் சரியாகப் போடப்படாமல் இருந்தால் அதன் பிரேக் விடுபட்டுவிடும். பிரைம் மூவரின் கை பிரேக்கும் போடப்படாவிட்டால் வாகனம் முழுதும் உருளத் தொடங்கும். நீங்கள் அப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்பீர்கள். ஓடிப்போய் ஏறி நிறுத்த முயல்கிறவர்கள்தான் நசுங்குகிறார்கள்.

கடைசியாக முன்கால்களை முழுதாக உயர்த்துங்கள், சுழற்றும் கைப்பிடியை அதன் கொழுக்கியில் மாட்டுங்கள், கட்டைகளை எடுங்கள், விளக்குகளைப் பாருங்கள். அரைவாசி உயர்த்திய கால் ரயில் கடவை மேட்டில் தட்டி முறியும்.

கழற்றும்போது உறுதியான சமதரை, ட்ரெய்லர் பிரேக், கால்கள் கீழே, குழாய்களும் வடமும் கழற்றல், பூட்டு விடுவித்தல் என்ற ஒழுங்கு. பூட்டை விடுவித்தபின் சிறிதளவு முன்னே வந்து, ட்ரெய்லர் இன்னும் பிரைம் மூவரின் சட்டத்துக்கு மேலே இருக்கும்போதே நிறுத்தி, கால்கள் தரையில் புதைகின்றனவா என்று பாருங்கள். மழைக்காலத்தில் யார்டின் மண்தரையில் பலகை வைக்காமல் சுமை ட்ரெய்லரைக் கழற்றவே வேண்டாம்.

6. கொள்கலனை ஏற்றும்போது

ஜய கொள்கலன் முனையம், தெற்காசிய நுழைவாயில் முனையம், கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையம் என்று கொழும்புத் துறைமுகத்துக்குள்ளே பல முனையங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் தன் நடைமுறை. வேலையைப் பெறும்போது முனையத்தின் பெயரைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்யுங்கள். தவறான முனையத்துக்குப் போனால் அரைநாள் போய்விடும்.

உள்ளே பளிச்சிடும் மேலங்கி, தலைக்கவசம், பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் இறங்காதீர்கள். பாரந்தூக்கி இயங்கும்போது வாகனத்துக்குள் இருப்பதா, குறித்த இடத்தில் நிற்பதா என்பதை முனையம் சொல்லும். இரண்டுக்கும் இடையில் தொலைபேசியோடு உலாவுவதை யாரும் பொறுக்கமாட்டார்கள்.

கொள்கலன் இலக்கம் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் பெட்டிக்குள் தனியாக இருக்கும். ஆவணத்திலுள்ளதை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்; கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் பார்ப்பது சோம்பல். சீல் இலக்கத்தையும் அப்படியே. சீல் உடைந்திருந்தாலோ இலக்கம் மாறியிருந்தாலோ வாயிலைத் தாண்டும் முன் சொல்லுங்கள். தாண்டியபின் உள்ளேயிருந்த சரக்குக்கு நீங்கள்தான் பதில்.

கொள்கலனின் நான்கு பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுங்கள். நெளிவு, கிழிசல், வளைந்த கதவு எதுவானாலும் கொள்கலன் ஒப்படைப்புச் சீட்டில் குறிக்கச் செய்யுங்கள். வெற்றுக் கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய நெளிவுக்குப் புதிய பில் வருவது இங்கே அன்றாடம் நடக்கிறது.

பிறகு கொள்கலனை ட்ரெய்லரோடு பிணைக்கும் மூலைப் பூட்டுகள். நான்கையும் திருப்பி, நான்கையும் கையால் அசைத்துப் பாருங்கள். மூன்று போதும் என்ற எண்ணம் கெரவலப்பிட்டி அதிவேக வீதிச் சந்திப்பின் வளைவில் தீரும். இறக்கும் இடத்தில் இதுவே தலைகீழ்: பாரந்தூக்கி பிடிக்கும் முன் நான்கும் திறந்திருக்கவேண்டும். ஒன்று பூட்டியபடி இருந்தால் கொள்கலனோடு ட்ரெய்லரும் சேர்ந்து அந்தரத்துக்குப் போகும்.

நிறையைப் படித்துப் பாருங்கள். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கொள்கலன் கப்பலேறும் முன் அதன் மொத்த நிறையை உறுதிப்படுத்துவது சர்வதேச விதி. இறக்குமதியிலும் ஆவணத்தில் நிறை இருக்கும். 40 அடியில் ஆடைகள் இருந்தால் இலகு. 20 அடியில் தரை ஓடுகள் (டைல்ஸ்) இருந்தால் பாரம். அளவைப் பார்த்து நிறையை ஊகிக்க முடியாது. நீண்ட ட்ரெய்லரில் ஒற்றை 20 அடிக் கொள்கலனைப் பின்முனையில் வைத்தால் பிரைம் மூவரின் இயக்கு சில்லுகளில் நிறை குறைந்து மழையில் வழுக்கும். நடுவிலுள்ள பூட்டுகளில் வைக்கச் சொல்லுங்கள்.

7. வாயிலுக்கு வெளியே

அலுவலக நேரங்களில் கொழும்பு வீதிகளில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நேரமும் வீதியும் அவ்வப்போது மாறும். புறப்படும் முன் அன்றைய நிலையைக் கேளுங்கள். இங்குருகடைச் சந்தியைத் தாண்டிப் புதிய களனிப் பாலத்தில் ஏறினால் பேலியகொடை. அங்கிருந்து வடக்கே கட்டுநாயக்க அதிவேக வீதி. கெரவலப்பிட்டியில் பிரிந்தால் கடவத்தை, கடுவெல, கொட்டாவ என்று வெளிச்சுற்று வீதி. பியகம, கட்டுநாயக்க ஏற்றுமதி வலயங்களுக்குத்தான் உங்கள் முதல் நடைகள் பெரும்பாலும் இருக்கும்.

தொலைபேசியின் வரைபடம் காருக்கு வழி சொல்கிறது, உங்களுக்கு அல்ல. உயரக் கொள்கலன் 2.9 மீற்றர், ட்ரெய்லர் தளத்தின் உயரத்தையும் கூட்டினால் 4 மீற்றரைத் தாண்டும். உள்வீதிகளில் தொங்கும் தொலைபேசிக் கம்பி, கிளை, கடையின் பெயர்ப்பலகை எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் மொத்த உயரத்தை எழுதிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டுங்கள். பாலங்களின் நிறைப் பலகையையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் பல பாலங்களைச் சேதப்படுத்தியது. போன வருடம் தாங்கிய பாலம் இன்றும் தாங்கும் என்று எண்ணி ஏறக் கூடாது.

அதிவேக வீதியின் வெளியேறு வளைவில் எழுதியிருக்கும் வேகம் காருக்கானது என்று கொள்ளுங்கள். கொள்கலனின் நிறை மையம் உயரத்தில் இருப்பதால் சில்லு வழுக்கும் முன்பே வாகனம் கவிழும். வளைவுக்குள் போனபின் பிரேக் பிடிப்பது பிந்திய வேலை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

8. திரும்புதலும் பின்னோக்குதலும்

திரும்பும்போது ட்ரெய்லரின் பின்சில்லு உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். ஆகவே சந்திக்குள் நேராகச் சற்று அதிகம் போய்ப் பிறகே திருப்பவேண்டும். இடதுபக்கம் திரும்பப் போகும்போது இடப்பக்கம் இடைவெளி விட்டால் முச்சக்கர வண்டி அதற்குள் நுழைந்துவிடும். கொழும்பில் இது நடக்குமா என்பது கேள்வியே அல்ல. சமிக்ஞையை முன்கூட்டியே போட்டு, பின்பகுதியை இடது ஓரத்தோடு வைத்து, முன்பக்கத்தை மட்டும் வெளியே எடுத்துத் திருப்புங்கள். திரும்பி முடியும்வரை கண் இடது கண்ணாடியில் இருக்கட்டும்.

பின்னோக்கும்போது ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ட்ரெய்லர் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கால் அதைப் பின்தொடருங்கள். புதியவர்கள் இரண்டாவது பாதியை மறப்பதால் ட்ரெய்லர் மடங்கிப் பிரைம் மூவரின் மூலையில் இடிக்கிறது. சிறு அசைவுகள் போதும். மடங்கத் தொடங்கினால் முன்னே வந்து நேராக்கி மீண்டும் தொடங்குங்கள். ஒரே மூச்சில் உள்ளே விடுகிறவர்தான் கெட்டிக்காரர் என்று யார்டில் ஒரு நினைப்பு உண்டு. அந்தக் கெட்டிக்காரர்களின் ட்ரெய்லர் மூலைகளைப் போய்ப் பாருங்கள்.

சாரதியின் கண்ணுக்குத் தெரியும் வலப்பக்கமாகவே பின்னோக்கிப் போக முயலுங்கள். இடப்பக்கமாகப் போனால் ட்ரெய்லரே கண்ணாடியை மறைத்துவிடும். உதவியாளர் பின்னால் நின்றால், "தம்பி, நீ கண்ணாடியில் தெரியாவிட்டால் நான் நிறுத்திவிடுவேன்" என்று முதலே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். களஞ்சியத்துக்காரர் கத்தட்டும்.

9. பிரேக்: வெற்று வண்டியும் கடுகண்ணாவ இறக்கமும்

பாரத்தோடு நிற்கத் தூரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெற்று ட்ரெய்லர் வேறுவிதமாக மாட்டிவிடும். பாரம் தாங்க அமைத்த பிரேக் வெற்றுச் சில்லைச் சட்டென்று பிடித்துவிடுவதால், மழையில் ட்ரெய்லர் பக்கவாட்டில் வழுக்கி மடங்கும். முதல் மழை பெய்த அரைமணித்தியாலம் மிக மோசம். வீதியிலுள்ள எண்ணெய் அப்போதுதான் மேலே வரும்.

கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏறும்போது வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். சோதனை அங்கிருந்து சரக்கோடு மாவனெல்லைப் பக்கம் இறங்குவதில். உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு வாருங்கள். இறக்கத்தின் நடுவில் கியர் மாற்ற முயன்று அது விழாமல் போனால் நடுநிலையில் உருளுவீர்கள். எஞ்சினும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் (எஞ்சின் புகை வெளியேறுவதை மறித்து வேகத்தைக் குறைப்பது) வேகத்தைப் பிடிக்கட்டும். காலால் மெல்ல அழுத்தியபடியே வருவதைவிட, உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விடுவது நல்லது. இடையில் கிடைக்கும் ஓய்வில்தான் சில்லின் பிரேக் டிரம் ஆறும்.

எரியும் வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது விரிசல் விட்டுப் பிளக்கும்.

10. லோபெட் வேலை வந்தால்

எக்ஸ்கவேட்டர் போன்ற இயந்திரங்களை ஏற்றும் தாழ்தள ட்ரெய்லர் புதியவருக்கான வேலை அல்ல. சில மாதங்கள் கொள்கலன் ஓடியபின் ஒப்புக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் கையைத் தாழ்த்தி வாளியைத் தளத்தில் ஊன்றச் செய்து, சுழலும் மேற்பகுதியைப் பூட்டி, நான்கு மூலைகளிலும் சங்கிலி போடுங்கள். கடும் பிரேக்கில் சரக்கு தன் நிறையின் 80 வீத விசையோடு முன்னே பாயும், பக்கவாட்டில் 50 வீதம் என்ற கணக்கில்தான் கட்டவேண்டும். "இவ்வளவு பாரம் எங்கே நகரப்போகிறது" என்று கயிற்றால் கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சில கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். முதல் குலுக்கலில் சங்கிலி தளரும்.

அகலமோ உயரமோ மீறினால் அனுமதிக் கடிதமும் பொலிஸ் ஏற்பாடும் கையில் வந்தபிறகே சாவி. ரயில் கடவைகளில் தாழ்ந்த தளம் மேட்டில் தட்டி நிற்கக்கூடும். கடவையை முதல் நாளே போய்ப் பாருங்கள்.

11. விபத்து நடந்தால்

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள், முக்கோணப் பலகையைப் பின்னால் தூரத்தில் வையுங்கள். காயமிருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119, அதிவேக வீதியில் 1969. பிறகு காப்புறுதி நிறுவனம், அதன் பிறகே முதலாளி. முதலாளியை முதலில் அழைத்தால் பாதி நேரம் அவருடைய கேள்விகளிலேயே போய்விடும்.

பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. படிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். வாசித்து விளக்கக் கேளுங்கள். அங்கே கூட்டம் கூடி "உன் தவறுதான்" என்று கத்தும். வீதியில் வைத்து ஒப்புக்கொள்வதோ காசு பேசி முடிப்பதோ வேண்டாம்.

12. தனியாக முதல் நடை

முதல் நடையை நீங்களே தெரிவுசெய்யக் கேளுங்கள்: பகல், பழகிய வழி, வெற்றுக் கொள்கலன் அல்லது இலகுவான பாரம், பின்னோக்க இடமுள்ள களஞ்சியம். பெரும்பாலான பொறுப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒரு வாகனம் இடிபட்டுக் கராஜில் நிற்பதைவிட அவர்களுக்கு அது மலிவு.

தண்ணீர், உணவு, மழை அங்கி, டோர்ச், தொலைபேசி சார்ஜர், சில்லறைக் காசு ஆகியவற்றை முதல் நாள் இரவே வையுங்கள். இரவு முழுதும் வரிசையில் நின்றபின் உடனே நீண்ட நடை கொடுத்தால் தூக்கம் போதவில்லை என்று சொல்லுங்கள். முதல் தடவை சொல்வதற்குத்தான் கூச்சம்.

சரக்கை இறக்கியதும் பெற்றுக்கொண்டவரின் பெயர், நேரம், கையொப்பம், முத்திரை நான்கும் விநியோகச் சீட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வாயிலை விட்டு வெளியே வாருங்கள். முத்திரை இல்லாத சீட்டை அலுவலகம் ஏற்காது. அந்த நடைக்கான காசும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.